நியூசிலாந்துக் குடும்பப் பயணத்தில் ஒரு நாள் டிரவுட் தூண்டில் போட முடியுமா?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசியில் மனைவி, 13 வயது மகன், 9 வயது மகள், அம்மா என ஐந்து பேராக 12 நாள் நியூசிலாந்தின் தென் தீவுக்கு வருகிறார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, காரில் தெற்கே போய், குயின்ஸ்டவுனில் விமானம் ஏறுகிறார்கள். சின்ன வயதில் ஊட்டி அவலாஞ்சியில் டிரவுட் மீனைப் பார்த்ததிலிருந்து, இறகிலும் நூலிலும் செய்த பொய் ஈயைக் கட்டி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் மேல் ஆசை. எந்த ஆறு நல்லது, ராட் (தூண்டில் கம்பு) வாங்கி வர வேண்டுமா, ஒரு நாள் போதுமா, மீன் கிடைக்குமா என்று நான்கு கேள்விகள். கடைசி வரியில் "வீட்டில் யாரும் முகம் சுளிக்காமல் நடக்க வேண்டும்" என்று சேர்த்திருக்கிறார். நண்பரே, நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்ற நான்கும் தாமாகவே சரியாகிவிடும்.

நான் தென் தீவில் 16 வருடமாக இருக்கிறேன். அதில் 14 வருடம் ஃப்ளை ராடோடுதான் கழிந்திருக்கிறது. கைடு தொழில் செய்பவன் இல்லை, வார இறுதியில் ஆற்றுக்குப் போகிறவன். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கம் உண்டு. வட தீவில் நான் தூண்டில் போட்டது குறைவு என்பதால் தென் தீவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இங்கே குடிவந்த புதிதில், பத்து நாள் சுற்றுலாவின் கடைசி நாளைத் தூண்டிலுக்கென்று ஒதுக்கி வைத்தேன். அன்றைக்கு வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. இந்தக் காற்று அடிக்கும்போது மேற்குக் கரையில் மழை கொட்டும். அது மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் விழும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, ஆறு மட்டும் பால் விட்ட டீ நிறத்தில் பொங்கி வரும். மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தண்ணீரில் மூன்று மணி நேரம் வீசிக்கொண்டிருந்தேன். மனைவியும் கைக்குழந்தையும் காருக்குள். ஜன்னலைத் திறந்தால் சேண்ட்ஃப்ளை என்கிற குட்டிப் பூச்சியின் கடி, மூடினால் புழுக்கம். நாளை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, மறுநாள் காலையில் விமானம். அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறேன். எந்த ஆற்றில் பெரிய மீன் இருக்கிறது என்று தேடாதீர்கள். நீங்கள் இல்லாமல் குடும்பம் ஆறு மணி நேரம் சந்தோஷமாக இருக்கக்கூடிய ஊர் எது என்று தேடுங்கள். தென் தீவில் டிரவுட் இல்லாத ஆறுதான் அபூர்வம். ஊரை முடிவு செய்தால் ஆறு தானாகக் கிடைத்துவிடும். அப்புறம், அந்த நாளைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். அதே ஊரில் அடுத்த நாளையும் காலியாக விடுங்கள். மழையோ காற்றோ வந்தால் ஒரு நாள் தள்ளிப் போடலாம், வராவிட்டால் அந்த நாள் குடும்பத்துக்கு.

உங்கள் பாதையை வைத்துப் பார்த்தால் நான் வானாக்காவைச் சொல்வேன். கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ, மவுண்ட் குக் பார்த்துவிட்டு நான்காவது அல்லது ஐந்தாவது நாள் அங்கே வந்துவிடுவீர்கள். மூன்று இரவு தங்குங்கள். ஏரிக்கரை ஊரை ஒட்டியே இருக்கிறது. அம்மா மர நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம், பிள்ளைகள் கரையில் விளையாடலாம். ஊர் எல்லையில் பஸ்லிங் வேர்ல்ட் என்று ஓர் இடம். பெரிய புதிர்ப்பாதை, சாய்ந்த அறைகள் என்று பிள்ளைகளுக்கு அரை நாள் போவதே தெரியாது. மனைவி கார் ஓட்டுவார் என்றால் இன்னும் வசதி, இங்கேயும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான். கைடுகள் பெரும்பாலும் தங்கும் இடத்துக்கே வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்பதால் கார் குடும்பத்திடமே இருக்கும். கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் அன்றைய நாளின் நிம்மதி இதில்தான் இருக்கிறது.

வானாக்காவைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. வானாக்கா ஏரியிலிருந்து புறப்படுவது கிளூதா ஆறு, தண்ணீரின் அளவில் நாட்டிலேயே பெரியது. மலையிலிருந்து நேராக இறங்கும் ஆறுகள் ஒரு மழைக்கே கலங்கிவிடும். ஏரி வழியாக வரும் ஆறு அப்படி இல்லை, கலங்கல் ஏரியிலேயே படிந்துவிட, தண்ணீர் பெரும்பாலும் தெளிவாகவே வெளியே வரும். டிசம்பரில் மலையில் பனி உருகித் தண்ணீர் கூடியிருக்கும். ஒரே ஒரு நாள் கையில் இருப்பவருக்கு இந்தத் தெளிவு பெரிய பாதுகாப்பு. டெ அனாவு ஊரிலும் இதே கதைதான், ஏரியிலிருந்து புறப்படும் மேல் வாயாவு ஆறு அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஒரு முழு நாள் கொடுத்தாக வேண்டும், சேண்ட்ஃப்ளையும் அதிகம். உங்கள் 12 நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம். கிளூதாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கரையிலிருந்து பார்க்கும்போது அமைதியாகத் தெரியும், உள்ளே இழுப்பு பயங்கரமானது. தனியாக இருக்கும்போது முழங்காலுக்கு மேல் இறங்கவே இறங்காதீர்கள். மகனையும் இறங்க விடாதீர்கள்.

கைடு வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்காமலே சொல்கிறேன், முதல் முறைக்கு வேண்டும். முழு நாளுக்கு 1000 நியூசிலாந்து டாலரை ஒட்டி, கொஞ்சம் முன்பின் ஆகும். அரை நாளும் உண்டு. பெரும்பாலும் ஒருவருக்குச் சொல்லும் தொகையில் இரண்டு பேர் போகலாம், ஆகவே 13 வயது மகனுக்கு ஆர்வம் இருந்தால் அழைத்துப் போங்கள். கைடு தருவது மீன் மட்டும் இல்லை. ராட், ரீல், ஈக்கள், வேடர்ஸ் என்கிற நீர்க்கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் அவரிடமே இருக்கும். எந்தத் தனியார் நிலத்தின் வழியாக இறங்கலாம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். லைசென்ஸ் மட்டும் ஆளுக்கு ஒன்று தனியாக எடுக்க வேண்டும். ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் இணையதளத்தில் ஒரு நாள் லைசென்ஸ் கிடைக்கும். மகனுக்கு எந்த வகை என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பு அரசின் வரிப்பணத்தில் நடப்பதில்லை, லைசென்ஸ் பணத்தில் நடக்கிறது. ஆறுகளைக் காப்பதற்கு நாமும் கொஞ்சம் கொடுக்கிறோம் என்று நினைத்து எடுங்கள். பேர் பெற்ற சில ஆறுகளுக்கு இப்போது தனி அனுமதியும் வெளிநாட்டினருக்கு நாள் வரம்பும் வந்திருக்கின்றன. முதல் முறை போகிறவருக்கு அந்த ஆறுகள் தேவையே இல்லை.

ராட் வாங்கலாமா? மீன் பிடிப்பதற்காக என்றால் வேண்டாம். பழகுவதற்காக என்றால் வாங்குங்கள். நம் ஊரில் மண்புழு கோத்து, தக்கை கட்டி வீசும் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் கட்டியிருக்கும் ஈ இறகும் நூலும்தான், அதற்கு எடையே கிடையாது. எடை முழுவதும் தடித்த அந்த லைனில் இருக்கிறது. நாம் வீசுவது லைனை, ஈ அதன் பின்னால் போகிறது. இது மண்டையில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. லைனைப் பின்னால் எறிந்தபின் அது முழுசாக நீளும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும், அப்புறம்தான் முன்னால் எறிய வேண்டும். புதிதாகப் பழகும் எல்லோரும் தவறுவது அந்த ஒரு கணத்தில்தான். சாட்டை மாதிரி படீர் என்று சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள், நுனியில் ஈ அறுந்தே போயிருக்கும். ஒன்பது அடியில், ஐந்து அல்லது ஆறாம் எடை லைனுக்கான (கடையில் இந்த எண்ணைச் சொன்னால் போதும்) விலை குறைந்த ராட் ஒன்று போதும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, காலையில் ஏதாவது மைதானத்தில் 20 நிமிடம் வீசிப் பாருங்கள். ஒரு மாதம் பழகினால், கைடோடு போகிற நாளில் முதல் இரண்டு மணி நேரம் மிச்சமாகும். பழக முடியாவிட்டாலும் பரவாயில்லை, கைடே புல்வெளியில் நிறுத்திச் சொல்லித் தருவார்.

மீன் கிடைக்குமா? உறுதியாகச் சொல்லக்கூடியது, மீன் அங்கே இருக்கிறது, நீங்கள் அதைப் பார்ப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கையில் வருமா என்பதை யாரும் சொல்ல முடியாது. என்னோடு வந்த புதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் நாளில் ஒன்றும் பிடிக்கவில்லை. பிடித்தவர்களுக்கும் பெரும்பாலும் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. தென் தீவில் எண்ணிக்கை குறைவு, மீன் பெரியது, பயந்த சுபாவம். ஆகவே கண்டபடி வீசிக்கொண்டிருக்க மாட்டோம். முதலில் மீனைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்போம், அப்புறம்தான் ஒரு வீச்சு. டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கும். அதனால் அதன் பின்பக்கமாக, கீழிருந்து மேலே நடந்து வர வேண்டும். வெயில் மேலே இருந்தால்தான் தண்ணீருக்குள் பார்க்க முடியும் என்பதால் காலை ஒன்பதரைக்கு மேல் மாலை நான்கு வரைதான் இதற்கு நல்ல நேரம். விடியற்காலையில் ஓட வேண்டியதில்லை. குடும்பத்தோடு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.

அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு கைடு காட்டும் இடத்தை உற்றுப் பார்த்தால் முதலில் வெறும் கூழாங்கல்தான் தெரியும். ஒரு கல் மட்டும் லேசாக அசையும். அதன் நிழல் தனியாக அசையும். அப்போதுதான் அது கல் இல்லை என்று புரியும், வால் மெதுவாக ஆடுவதும் தெரிய வரும். தண்ணீரில் மிதந்து வரும் பூச்சி அருகில் வரும்போது அது அவசரமே இல்லாமல் மேலே எழும். வாயைத் திறக்கும்போது உள்ளே வெள்ளை பளிச்சென்று தெரியும். அந்த வெள்ளையைப் பார்த்தவுடன் கை தானாக ராடைத் தூக்கும். தூக்கினால் மீனின் வாயிலிருந்து ஈயைப் பிடுங்கிவிடுவீர்கள். பிரவுன் டிரவுட் வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும்வரை பொறுக்க வேண்டும். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் தூக்குவேன். 14 வருடம் ஆகியும் அந்த இரண்டு எண்ணுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அவலாஞ்சியைச் சொன்னீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். இங்கேயும் டிரவுட் வந்தேறிய மீன்தான். பிரவுன் டிரவுட் 1860களில் டாஸ்மேனியாவிலிருந்து முட்டைகளாக வந்தது. ரெயின்போ டிரவுட் என்ற இன்னோர் இனம் 1883இல் கலிஃபோர்னியாவிலிருந்து. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதும் இந்த ரெயின்போ இனம்தான். சின்ன வயதில் நீங்கள் பார்த்த மீனின் உறவுக்காரர்களைத்தான் இங்கே தேடப் போகிறீர்கள்.

பிடித்தால் சமைக்கலாமா என்று அம்மா கேட்பார். அளவுக்குள், எண்ணிக்கைக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, அந்த வரம்பு ஆற்றுக்கு ஆறு மாறும். ஆனால் டிரவுட்டை விற்பதும் வாங்குவதும் இந்த நாட்டில் குற்றம், எந்த ஹோட்டல் மெனுவிலும் அதைப் பார்க்க மாட்டீர்கள். பெரும்பாலான கைடுகள் திரும்ப விட்டுவிடச் சொல்வார்கள், என் விருப்பமும் அதுதான். விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், வலையைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். படம் எடுப்பதற்காகத் தூக்கினால் உங்களால் மூச்சை அடக்க முடிகிற நேரம்தான் அதற்கும். சமைத்துச் சாப்பிட மீன் வேண்டுமானால் ட்வைசல் ஊர்ப் பக்கம் சாமன் பண்ணைகள் இருக்கின்றன. வழியில் நிறுத்தினால் மகள் மீனுக்குத் தீனி போடலாம், நீங்கள் ஒரு கிலோ வாங்கி வறுக்கலாம்.

நம் ஆட்கள் இரண்டு விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று விமான நிலையம். பழைய தூண்டில் சாமான், மண் ஒட்டிய ஷூ, இறகு வைத்த ஈ எதுவாக இருந்தாலும் நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் அறிவிப்புப் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு எல்லாமும் அப்படித்தான். எழுதிக் காட்டினால் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள், அதிகபட்சம் ஒரு பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். இன்னொன்று ஆற்றுக்கு ஆறு சாமானைக் கழுவுவது. 2004இல் தென் தீவின் கீழ் வாயாவு ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. கல்லின் மேல் நனைந்த பஞ்சு மாதிரி படர்ந்து ஆற்றின் அடியையே மூடிவிடும். ஒரு துளித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் போய் அடுத்த ஆற்றில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும் கம்பளி அடி பூட்ஸை 2008இல் இங்கே தடை செய்தார்கள். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும்முன் பூட்ஸையும் வலையையும் நன்றாகக் கழுவ வேண்டும். அப்புறம் நன்றாகக் காய்ந்தபின் இன்னும் 48 மணி நேரம் காயவிட வேண்டும். பிள்ளைகளின் செருப்பும் இதில் சேரும். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், ஆனாலும் தயவுசெய்து செய்யுங்கள். நான் பழகிய ஓடை ஒன்று அந்தப் பாசி படர்ந்து எப்படி ஆனது என்று கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

உடை விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். சிவப்பும் வெள்ளையும் தவிர்த்து, மங்கிய பச்சையோ சாம்பலோ போடுங்கள். விளிம்பு வைத்த தொப்பி, போலரைஸ்டு கண்ணாடி இரண்டும் கட்டாயம். கண்ணாடி மீனைப் பார்ப்பதற்கு மட்டும் இல்லை, காற்றில் திரும்பி வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அதுதான். டிசம்பர் வெயில் இங்கே தோலை உரித்துவிடும், நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடாதீர்கள்.

கைடுக்கு அவ்வளவு பணம் கொடுக்க மனம் வரவில்லை என்றால், அல்லது அந்த ஒரு நாளுக்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், இன்னொரு வழி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் வானாக்காவில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். ஏழு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் ராடோடு ஏரிக்கரைக்குப் போகலாம். காற்று அடங்கிய மாலையில் பூச்சி இறங்கும், மீன் கரையோரமாக வந்து தண்ணீர்ப்பரப்பில் வட்டம் போடும். பகல் முழுக்கக் கண்ணில் படாத மீன் அப்போது இருபதடி தூரத்தில் நிற்கும். பிள்ளைகள் பின்னால் கல் பொறுக்கிக்கொண்டிருக்க, நீங்கள் முன்னால் வீசிக்கொண்டிருக்கலாம். அவர்கள் மட்டும் வீச்சுக்கு நேர் பின்னால் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைடு நாள் தவறிப்போனாலும் இந்த இரண்டு மூன்று மாலைகள் கையில் இருக்கும்.

உடனே செய்ய வேண்டியது முன்பதிவு. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி இரண்டாம் வாரம் வரை இங்கே எல்லோருக்கும் விடுமுறை. தங்கும் இடமும் கைடும் முன்னதாகவே நிறைந்துவிடும். 25ஆம் தேதி கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும், அன்றைக்கு எதையும் வைக்காதீர்கள். கைடுக்கு எழுதும் முதல் மெயிலிலேயே இதற்கு முன் ஃப்ளை ராடைப் பிடித்ததில்லை என்று சொல்லிவிடுங்கள். 13 வயதுப் பையன் கூட வரலாமா என்றும், மழை வந்தால் மறுநாளுக்குத் தள்ள முடியுமா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முடியும் என்று சொல்கிறவரை எடுங்கள். வானாக்காவில் எந்தத் தேதிகளில் இருக்கிறீர்கள் என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அந்த வாரம் கிளூதாவில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.